மாமாவுக்குப் பிடிச்ச பாட்டு

வெயில் லீவுன்னாலே எனக்கு ஆகாது. வெளியில யாரும் தலைகாட்டக் கூடாதுன்னு கலெக்டர் காலையில அறிவிச்சுட்டு நிம்மதியாப் போயிடுவார். அன்னைக்கு முழுக்க ஜன்னல்ல தட்டி இறக்கி, ஹால்ல மட்டும் ஏசியைப் போட்டு, வீட்டுல இருக்கிற அஞ்சு பேரும் அதுக்குள்ளயே அடைஞ்சு கிடக்கணும். புள்ளைங்க ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிறாண்டும். என் வீட்டுக்காரர் திருமாறன் ரயில்வேயில சிக்னல் இன்ஜினியர். மீட்டிங்னு சொல்லிட்டு, வேர்த்து வழிஞ்சாலும் பரவாயில்லைன்னு காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு உள்ரூம் கதவைச் சாத்திக்குவார். மிச்சம் மீதி இருக்கிறதை மேய்க்கிறது நான்தான்.

மாமாவால ஒரு தொந்தரவும் கிடையாது. மாமான்னா என் மாமனார், நல்லதம்பி. போலீஸ்ல ஏட்டா இருந்து ரிட்டயர் ஆனவர், எழுபத்தஞ்சு வயசு. பேருக்கேத்த மனுஷன்னு எங்க திருவெறும்பூர் தெருவே சொல்லும். நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து என்னை ஒரு சொல் அதட்டினதில்ல. தண்ணி லாரிக்காரன்கிட்டக்கூட "தம்பி, வாங்க தம்பி"ன்னுதான் பேசுவார். நான் புள்ளைங்க முதுகுல ஒண்ணு வச்சா அவருக்குத் தாங்காது. "புள்ளைய அடிக்காதம்மா தாரணி, அடிச்சுத் திருந்துனவன் எவனும் இல்ல"ம்பார். அவர் சொன்னா அனுபவிச்சுச் சொல்ற மாதிரி இருக்கும். நானும் கையை இறக்கிக்குவேன்.

அவருக்குன்னு ஒரு பாட்டு இருந்துச்சு. அவர் வேலைக்குச் சேர்ந்த புதுசுல வந்த சினிமாப் பாட்டு, ஆணும் பொண்ணும் மாறி மாறிப் பாடுவாங்க, மழை ஓடம்னு என்னமோ வரும். பல்லவி முடியிற இடத்துல மேளம் சின்னதா ரெண்டு தட்டு தட்டும், ஒரு மூச்சு நிக்கும், அப்புறம் பெரிசா ஒரு தட்டு விழும். அந்த இடம் வந்தா மாமா கண்ணை மூடிக்கிட்டு சாப்பாட்டு மேஜையில விரலால தட்டுவார். முகத்துல அப்படி ஒரு சிரிப்பு வரும். எங்க அத்தை உசுரோட இருந்தவரைக்கும் அந்தத் தட்டுக்கு ஒவ்வொரு தடவையும் வெட்கப்படுவாங்க. கல்யாணமான வருஷம் வந்த பாட்டாச்சே, தனக்காகத்தான் தட்டுறார்னு அவங்க நினைப்பு. அந்த நினைப்போடயே போய்ச் சேர்ந்துட்டாங்க.

அன்னைக்குப் புள்ளைங்க ஒட்டுன்னு சொல்றாங்களே, அதை எடுத்துக்கிட்டு வந்து உக்காந்துச்சுங்க. இப்ப எல்லா வீட்டுலயும் இருக்கிறதுதான், காதுக்குப் பின்னாடி ஒட்டிக்கிற பொட்டு மாதிரி ஒண்ணு. எங்ககிட்ட ஒரு ஜோடி இருக்கு. ஒண்ணைப் பாட்டுக்குச் சொந்தக்காரங்க போட்டுக்கணும், இன்னொண்ணை வாங்கிக்கிறவங்க போட்டுக்கணும். அவங்களுக்கு அந்தப் பாட்டு எந்த ருசியில பிடிக்குதோ அதே ருசியில நமக்கும் பிடிச்சுப்போகும். போன மாசம் என் சின்னவன் செழியன், ஏழு வயசு, அவனோட ஒரு கார்ட்டூன் பாட்டை எனக்குக் கொடுத்தான். கேட்டா சகிக்காத பாட்டு. ஆனா அவன் நீச்சல் குளத்துல முதல் தடவை மிதந்த சந்தோஷம் அதுல இருந்துச்சு. ரெண்டு மூணு நாள் நான் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் தண்ணில மிதந்தேன்.

"தாத்தா, இன்னைக்கு உங்க டர்ன்"னா பெரியவ நறுமுகை. பன்னெண்டு வயசு, என்னை மாதிரியே வாய்.

"எனக்கெதுக்குடா கண்ணு இதெல்லாம். அந்தப் பாட்டு ரேடியோவிலயே வருதே, கேட்டுக்கங்க."

"அதில்ல தாத்தா. உங்களுக்கு எப்படிக் கேக்குதோ அப்படி வேணும்."

மாமா மழுப்பினார். பேட்டரி, கதிர்வீச்சுன்னு ஏதோ பேசினார். அவரை விட்டிருக்கலாம். நான்தான் சும்மா இருக்காம அடுப்படியிலேர்ந்து, "அத்தையோட பாட்டைப் பேரப்புள்ளைங்களுக்குக் கொடுக்காம யாருக்கு மாமா கொடுக்கப் போறீங்க? கொடுங்க, அவங்களும் பாட்டியைத் தெரிஞ்சுக்கட்டும்"னேன். என் வாயை அடுப்புல வைக்க.

அத்தை பேரை எடுத்ததும் மாமா அடங்கிட்டார். நறுமுகையே அவர் காதுக்குப் பின்னாடி ஒட்டிவிட்டா, தான் ஒண்ணை ஒட்டிக்கிட்டா. பாட்டைப் போட்டாங்க. ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டாங்க. அந்த இடம் வந்தப்ப தாத்தா விரலும் பேத்தி விரலும் ஒரே நேரத்துல மேஜையில விழுந்துச்சு. பார்க்க எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. செழியன், "எனக்கும் எனக்கும்"னு குதிச்சான். அவனுக்கு அப்புறம்னு சொல்லி அடக்கி வச்சோம். மாமா ஒட்டைக் கழட்டாமலே பின்கட்டு ரூமுக்குப் போய்ச் சாஞ்சுட்டார். நான் சப்பாத்திக்கு மாவு பிசையப் போனேன்.

பிசைஞ்சு முடிச்சுட்டுக் கட்டையைத் தேடினேன், காணோம். ஹால்ல அதே பாட்டு பெரிசா ஓடுச்சு. காது கிழியிற சத்தம். "நறு, குறைடி"ன்னு கத்தினேன், குறைக்கல. பாட்டுக்குள்ள அந்தப் பெரிய தட்டு விழுந்தப்ப கூடவே இன்னொரு சத்தமும் விழுந்துச்சு. ஈரத்துணியைக் கல்லுல அடிச்ச மாதிரி.

போய்ப் பார்த்தேன். செழியன் சோபாவுல குப்புறக் கிடந்தான். ரெண்டு கணுக்காலையும் சேர்த்து என் துப்பட்டாவால சோபா கைப்பிடியில கட்டியிருந்துச்சு. வாயில அவனோட சாக்ஸ். நறுமுகை சப்பாத்திக் கட்டையோட அவன் காலடியில நின்னா. மேளம் ரெண்டு தடவை தட்டுச்சு, அவ கட்டையை ஓங்கினா, ஒரு மூச்சு நிறுத்தினா, பெரிய தட்டுக்குச் சரியா அவன் உள்ளங்கால்ல இறக்கினா. பையன் உடம்பு வில்லா வளைஞ்சுச்சு. அவ குனிஞ்சு அவன் தலையைத் தடவினா.

"சொல்லிடு தம்பி. சொல்லிட்டா வீட்டுக்குப் போயிடலாம்"னா. அது என் மக குரல்தான். பேச்சு மாமாவோடது.

நான் ஓடி ஒரு அறை விட்டேன். கட்டை உருண்டு போச்சு. கன்னத்துல என் அஞ்சு விரலும் பதிஞ்சிருக்கு, அவ அழவே இல்ல. என்னைப் பாவமாப் பார்த்து, "பாட்டு இன்னும் முடியலம்மா"ன்னா.

முடிச்சை அவுக்க முடியல, அவ்வளவு தேர்ந்த முடிச்சு. கத்தியால அறுத்துப் பையனைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டேன். காலு ரெண்டும் செக்கச்செவேல்னு வீங்கி நின்னுச்சு. என் அலறல்ல அவர் ஹெட்போனோட ஓடியாந்தார். மாமாவும் வந்தார். வந்தவர் பேரனோட பாதத்தை ஏந்திக் கட்டை விரலால அழுத்திப் பார்த்தார்.

"எலும்புல படல. தண்ணியில நிக்க வச்சு நடக்க விடு. குதிக்கச் சொல்லு. ரத்தம் கட்டாது, நாளைக்கு ஒரு தடமும் தெரியாது."

சொல்லி முடிச்சப்புறம்தான் என்ன சொன்னோம்னு அவருக்கே தெரிஞ்சுச்சு. நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"அப்பா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"னார் அவர்.

நறுமுகைதான் சொன்னா. "தாத்தா நிறைய செஞ்சிருக்காருப்பா. பேர்கூட இருக்கு. லாடம் கட்டுறது."

ஒட்டு கம்பெனிக்குப் போன் போட்டேன். தேன் ஒழுகுற குரல்ல ஒரு பொண்ணு எடுத்தா. நடந்ததைச் சொன்னதும் தேன் நின்னுபோச்சு.

"மேடம், ஒட்டு பாட்டை அனுப்பாது. பாட்டு எல்லார்கிட்டயும் இருக்கு. அந்தப் பாட்டு அவருக்கு ஏன் பிடிக்குதோ அதைத்தான் அனுப்பும்."

"வேற ஏதாவது கலந்து வந்திருக்குமா? பயம், செஞ்சுட்டோமேங்கிற வருத்தம், அந்த மாதிரி?" நான் கெஞ்சுற மாதிரிதான் கேட்டேன். வருத்தம்னு அவ சொல்லியிருந்தா அன்னைக்கு மாமாவை மன்னிச்சிருப்பேன்.

"வாய்ப்பே இல்ல மேடம். ருசியும் அது பிறந்த நேரமும் மட்டும்தான் போகும்."

"சரி, அழிச்சு விடுங்க."

"அழிக்க அது போட்டோ இல்லையே மேடம். இப்ப அது உங்க பொண்ணோட ருசி. ஒண்ணு வேணா சொல்றேன். ஒட்டின அன்னைக்கு முழுக்க அது ஈரமாத்தான் இருக்கும், பசை மாதிரி. கொடுத்தவருக்கு அந்தப் பாட்டு கசந்துபோனா, வாங்கினவங்களுக்கும் கசந்துரும். ரெண்டு பேரும் ஒட்டோட இருக்கணும். நாளைக்கு விடிஞ்சா காய்ஞ்சிரும். அப்புறம் ஒண்ணும் செய்யறதுக்கில்ல."

போனை வச்சேன். செழியனை உள்ரூம்ல விட்டுப் பூட்டினேன். நறுமுகை தரையில உக்காந்திருந்தா. அவ ஆள்காட்டி விரல் முழங்கால்ல தட்டிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு சின்னது, ஒரு பெரிசு. இன்னொரு கையால அந்த விரலைப் பிடிச்சு நிறுத்தினா, நிக்கல.

"தாத்தா, பச்சைச் சட்டை போட்டிருந்தாரே, அவர் யாரு?"

மாமா சுவத்துல சாஞ்சுட்டார். "கோழி திருடினான்னு கொண்டாந்தாங்க கண்ணு. பேரு ஞாபகமில்ல."

"அவர் எழுந்திருக்கவே இல்லையே."

"ஆமா. பாட்டு முடியிறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு."

அவர் மகன், என் வீட்டுக்காரர், தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். மாமா யார்கிட்டன்னு இல்லாம பேசினார். ஸ்டேஷன்ல ஒரு ரேடியோப் பெட்டி இருந்துச்சாம். அலறல் ரோட்டுக்குக் கேக்கக் கூடாதுன்னு எஸ்.ஐ. சத்தத்தை ஏத்தச் சொல்வாராம். அந்த வருஷம் எந்நேரமும் இந்தப் பாட்டுதானாம். "மேலிடத்து உத்தரவும்மா. வேலை. வேலையைத்தான் செஞ்சேன்"னார்.

"இல்ல தாத்தா"ன்னா நறுமுகை. "எனக்கு வீட்டுப்பாடம் வேலை. அது இப்படி இருக்காது. இது எனக்குப் பொறந்தநாள் மாதிரி இருந்துச்சு. நீங்க சந்தோஷமா இருந்தீங்க."

மாமா பேத்தி மூஞ்சியைப் பார்க்க முடியாம சுவத்தைப் பார்த்துத் திரும்பிக்கிட்டார்.

பாட்டை வெறுக்கிறதுக்கு அவர் முயற்சி பண்ணாம இல்ல. ஒட்டோட உக்காந்து, பாட்டை ஓடவிட்டு, அத்தை செத்த நாளை நினைச்சுப் பார்த்தார். வேப்பெண்ணெயை ஒரு டம்ளர் குடிச்சார். கன்னத்துல தானே அறைஞ்சுக்கிட்டார். பேத்தியைப் பார்த்து, "போயிருச்சா கண்ணு?"ன்னு கேப்பார். அவ உதட்டைக் கடிச்சுக்கிட்டு இல்லைன்னு தலையை ஆட்டுவா. அவ கண்ணு பூட்டின கதவு மேலயே இருந்துச்சு. தம்பி உள்ளே விசும்புற சத்தம் கேட்டா அவ விரல் இன்னும் வேகமாத் தட்டுச்சு.

"அம்மா, என் கையைக் கட்டிப் போடும்மா. நாளைக்கும் எனக்கு இப்படியே இருந்தா நான் என்னம்மா செய்வேன்?"னு அப்பத்தான் முதல் தடவையா அழுதா. பொழுது சாஞ்சுக்கிட்டிருந்துச்சு.

மாமா சோபாவுல போய்க் குப்புறப் படுத்தார். வேட்டியைத் தூக்கி முட்டிக்கு மேல விட்டுக்கிட்டார். காலை மடக்கிப் பாதம் ரெண்டையும் மேலே காட்டினார்.

"அந்தக் கட்டையை எடும்மா. பாட்டைப் போடு. அடி வாங்கினவன் எவனுக்கும் இந்தப் பாட்டு பிடிச்சிருக்காது."

என் வீட்டுக்காரர்தான் முதல்ல எடுத்தார், மகனாச்சே. ரெண்டு அடி. மூணாவதுக்கு ஓங்கினவர் கட்டையைப் போட்டுட்டு வாஷ்பேசினுக்கு ஓடி வாந்தி எடுத்தார். நறுமுகை வாசப்படியில உக்காந்திருந்தா. "அப்படியே இருக்கும்மா"ன்னா.

நான் எடுத்தேன். மாமா தலையைத் திருப்பி, "குதிகால்ல வேணாம், நடுப்பாதத்துல. முழங்கையை மடக்காதே. அந்த ஒரு மூச்சு நிறுத்திட்டு இறக்கு, அவன் எதிர்பார்ப்பான் பாரு, அதுதான் வலி"ன்னார். சொல்லிட்டுத் துண்டைச் சுருட்டித் தானே வாயில வச்சுக்கிட்டார்.

முதல் அடி பாதி பலத்துலதான் விழுந்துச்சு. ரெண்டாவதுல எம் புள்ளையோட வீங்கின காலை நினைச்சேன். மூணாவதுல அந்தப் பச்சைச் சட்டைக்காரனை நினைச்சேன், அவனுக்கும் பெத்தவ இருந்திருப்பா. அதுக்கப்புறம் நான் யாரையும் நினைக்கல. பாட்டு முடிஞ்சு திரும்பத் திரும்ப ஆரம்பிச்சுச்சு. மேளம் சின்னதா தட்டும்போதே என் கை மேலே போயிடும். கிழவர் காலு இழுத்துக்கும், நான் முட்டியால அழுத்திப் பிடிச்சுக்குவேன். தோல் வெடிச்சு ரத்தம் கட்டையில ஒட்டுச்சு. துண்டுக்குள்ள அவர் மாடு மாதிரி கத்தினார். ஒரு தடவை உள்ளே என்னமோ மளுக்குன்னுச்சு.

"குறையுதும்மா"ன்னா நறுமுகை.

இன்னொண்ணு வச்சேன்.

"அம்மா, காலு வலிக்குது எனக்கு. பாட்டை நிறுத்துங்கம்மா. அய்யோ, பிடிக்கலம்மா, எனக்கு இந்தப் பாட்டே பிடிக்கல." காதைப் பொத்திக்கிட்டுத் தரையில சுருண்டுட்டா. விரல் நின்னுபோச்சு. எம் புள்ளை எனக்குத் திரும்பிக் கிடைச்சுட்டா.

அப்பவே நிறுத்தியிருக்கணும். அந்த நேரம் பாட்டுல கடைசிச் சரணம் ஓடிக்கிட்டிருந்துச்சு, இன்னொரு தடவை அந்த இடம் வரும். முடிஞ்சுரட்டும்னு நின்னேன். வந்துச்சு. இறக்கினேன். அப்புறம்தான் என் வீட்டுக்காரர் ஓடியாந்து என் கையைப் பிடிச்சார்.

ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டதுக்கு மாமா அசராம, "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சார்"னார். அவருக்கு அது வாயில பழகின பொய். அந்தக் காலத்துல ஸ்டேஷன்லயும் அப்படித்தான் எழுதுவாங்களாம். பாதத்துல ரெண்டு எலும்பு. மாவுக்கட்டு போட்டு அனுப்புனாங்க. இப்பக் கட்டு பிரிச்சாச்சு, குச்சி ஊனி நடக்கிறார். தெருவுல ஏதாவது ஆட்டோவுல அந்தப் பாட்டு வந்தா உக்காந்த இடத்துலயே வேட்டி நனைஞ்சிருது. துணியை மாத்திவிடுறது நான்தான். நான் கிட்டப் போனாலே காலை இழுத்துக்குவார்.

நறுமுகை தேறிட்டா. தம்பிக்குத் தினமும் அவதான் கால்ல எண்ணெய் தடவி விட்டா. அவன் முதல்ல தூரமா நின்னான், அப்புறம் அவ மடியிலயே காலைத் தூக்கிப் போட்டுக்கிட்டு டிவி பார்க்க ஆரம்பிச்சான். ஒட்டு ரெண்டையும் குப்பையில போட்டேன். நல்லபடியா முடிஞ்சுதுன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவர் என் மூஞ்சியைப் பார்க்காம, ஆமான்னார்.

போன புதன்கிழமை மறுபடியும் வெயில் லீவு. புதுக்கட்டை வாங்கியிருந்தேன், சப்பாத்தி தேய்ச்சுக்கிட்டிருந்தேன். செழியன் அடுப்பு மேடையில ஏறி உக்காந்து, காலைத் தொங்கவிட்டு ஆட்டிக்கிட்டே பள்ளிக்கூடத்துக் கதை பேசினான். திடீர்னு பேச்சை நிறுத்தினான். ஏன்டா நிறுத்திட்டேன்னு திரும்பிப் பார்த்தேன். ரெண்டு காலையும் மேலே இழுத்து, குந்த வச்சு, பாதத்தை ரெண்டு கையாலயும் மூடிக்கிட்டு உக்காந்திருந்தான்.

"அம்மா, அந்தப் பாட்டைப் பாடாதீங்க."

"எந்தப் பாட்டுடா? நான் எங்க பாடினேன்?"

அவன் என் கையைப் பார்த்தான். மாவு பலகையில முழுசாத் தேய்ஞ்சு கிடந்துச்சு. கட்டை பலகையில இல்ல, என் கையில இருந்துச்சு, தோளுக்கு மேல. ஒரு மூச்சு அங்கயே நிறுத்தி வச்சிருந்தேன்.

நான் ஒட்டு போடவே இல்லையே.